வலித்தால் கையைத் தூக்குங்கள்

என் வாயிலுள்ள பற்கள் அத்தனையின் மேலும் சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய்யென்றால் அத்தனையும் இந்த நிமிடமே உதிர்ந்து விழட்டும்.

எங்கள் தெருமுனைப் பல் டாக்டருக்கு நடந்தது இது. கீழே வைத்தியம், மாடியில் குடித்தனம். தங்கமான மனிதர். குறை என்று சொன்னால் ஒன்றுதான்: குழியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை, மேசைக்காலில் பூச்சி அரித்த ஓட்டை, எதுவானாலும் பல் சிமெண்டை வைத்து அடைத்து, தேய்த்து, பளபளப்பாக்கிவிடுவார். மனைவி ஆசைப்பட்டு வாங்கிய புல்லாங்குழலையும் விட்டுவைக்கவில்லை என்பார்கள். அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே சொல்ல மாட்டேன்.

அன்று காலை கிளினிக்கைத் திறந்ததும் ஜன்னலோரத்துக் கள்ளி அவர் கண்ணில் பட்டது. செடி என்றால் வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும். இது ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலிப் பக்கம் சாய்ந்திருந்தது, யாருடைய வாய்க்குள்ளோ எட்டிப் பார்ப்பது போல.

அது அவர் மனைவியின் செடி. கல்யாணமான வருடம் கட்டைவிரல் அளவில் வாங்கி வந்தது. பிள்ளை வரும் வரும் என்று இருவரும் காத்திருந்த காலமெல்லாம் அந்த வீட்டில் வளர்ந்தது அது மட்டும்தான். இப்போது இடுப்புயரம். தடியன் என்று பெயர் வைத்திருந்தாள். ஆபரேஷன் ஆன அக்காவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குக் கிளம்பிய அன்று, பெட்டியைப் பூட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொன்னாள்.

“ஏங்க, நான் வர்ற வரைக்கும் தடியனுக்குத் தண்ணியே காட்டாதீங்க. காயம் கீயம் பட்டா அப்படியே காத்தாட விடுங்க, தானா காஞ்சிடும். உங்க சிமெண்டைத் தூக்கிட்டுக் கிட்ட வராதீங்க. அவனுக்கு ஏதாவது ஆச்சு, நான் எங்கக்கா வீட்டுலயே இருந்துக்குவேன். விளையாட்டுக்குச் சொல்லல.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வாய் கொப்பளிக்கக் கொடுத்த டம்ளரில் நோயாளிகள் மிச்சம் வைக்கும் தண்ணீரைக் கீழே கொட்ட அவருக்கு மனசு வராது. இவர் வைத்த மிச்சம், அவர் வைத்த மிச்சம் என்று எல்லாம் அந்தத் தொட்டிக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தார். அடித்தண்டில் பழுப்பாக ஒரு திட்டு. விரல் வைத்ததும் அமுங்கியது. நாற்றம் வந்தது. செடி அழுகினால் ஈரமண்ணோடு கலந்து புளிப்பாக ஒரு நாற்றம் வருமே, அதில்லை இது. தினம் தினம் மாஸ்க்கையும் தாண்டி மூக்கில் ஏறுகிற, கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் பெயர் சொல்லிவிடக்கூடிய நாற்றம். சொத்தைப் பல்.

மேலே, முள்ளுக்கு நடுவே, வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இங்க யாரு பஞ்சைப் போட்டது?”

உதவிக்கு இருந்த பெண்மணியைத்தான் கேட்டார். இடுக்கி கேட்டாலும் கண்ணாடி கேட்டாலும் முதலில் பஞ்சைத்தான் நீட்டுவாள் என்பதால் தெருவே அவளைப் பஞ்சக்கா என்று கூப்பிடும்.

“நான் உங்க கையிலதான் குடுக்கிறேன். நீங்கதான் கண்ட எடத்துல வச்சுட்டு என்னைக் கேக்கிறீங்க.”

இடுக்கியால் ஒன்றை எடுத்தார். எடுத்த பஞ்சு இடுக்கியின் மேல் ஏறி, அவர் விரலை நோக்கி நடந்தது.

“அய்யே, மாவுப்பூச்சி!” என்றாள் பஞ்சக்கா.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“தடியன் எப்படி இருக்கான்?”

“அவனுக்கென்ன, உன்னை மாதிரியே இருக்கான்.”

“அப்படின்னா?”

“கிட்டப் போனா குத்துறான்.”

“வந்து வச்சுக்கிறேன் உங்களை.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் நோயாளிகள் போனபின் வேலையை ஆரம்பித்தார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, முள் முள்ளாகத் துடைத்துப் பூச்சிகளை எடுத்தார். பிறகு அழுகல். வேறு யாராக இருந்தாலும் ஒரு கத்தியை எடுத்திருப்பார்கள். இவர் விளக்கைத் திருப்பி, டிரில்லைக் கையிலெடுத்து, வழக்கமாகச் சொல்வதை வழக்கம் போலவே சொன்னார்.

“கொஞ்சம் வலிக்கும். வலிச்சா கையைத் தூக்குங்க.”

“அதுக்குக் கை எங்க டாக்டர் இருக்கு?” என்று பஞ்சக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார்.

பழுப்புக் கூழ் வழிந்து வழிந்து, கடைசியில் உள்ளே பச்சையாக, சுத்தமாக, ஒரு கறையும் இல்லாத சதை தெரிந்தது. அத்தோடு விட்டிருந்தால் காயம் தானாக ஆறியிருக்கும். ஆனால் வட்டமாக, அழகாக, ஒரு குழி.

“அம்மா காத்தாட விடச் சொன்னாங்க” என்று பஞ்சக்கா நினைவுபடுத்தினாள்.

“விட்டாச்சு விட்டாச்சு” என்றார். அவள் டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது குழி அடைபட்டு, நீல விளக்கில் இறுகி, தேய்த்த பளிங்கு போல மின்னிக்கொண்டிருந்தது.

பூச்சி போயிற்று. நாற்றம் போயிற்று. மனைவியிடம் இரண்டு மூன்று நாள் பொய் சொல்லாமலே பேச முடிந்தது. பிறகு ஒரு காலை, தண்டின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குப் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. அடுத்த நாள் அது முழங்கை போல மடங்கி, மேலே நிமிர்ந்திருந்தது.

“டாக்டர்” என்றாள் பஞ்சக்கா மெதுவாக. “அது கையைத் தூக்கியிருக்கு.”

“கிளை விடுது. நல்லதுதானே.”

“வலிச்சாத் தூக்கச் சொன்னீங்க.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பஞ்சுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போனவள்தான். அவளுக்கு மருமகள் கிடையாது என்பது தெருவுக்கே தெரியும்.

அவள் போனபின் கிளினிக்கில் சத்தங்கள் கூடின. குழாய் சொட்டுவது நின்ற பிறகு, விசிறியை அணைத்த பிறகு, தெருவில் போன வண்டியின் இரைச்சலும் தேய்ந்து மறைந்த பிறகு, ஜன்னல் பக்கமிருந்து வாயை மூடிக்கொண்டு நிதானமாக ஏதோ அசைபோடும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அவர் திரும்பினால் நின்றது. முதுகைக் காட்டினால் தொடர்ந்தது.

போன். “நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன். கொஞ்சம் போனைத் தடியன்கிட்ட வைங்க, பேசணும்.”

வைத்தார். அவள் கொஞ்சினாள். பிறகு நிறுத்தினாள்.

“ஏங்க, பக்கத்துல யாரு மெல்லுறாங்க?”

மறுநாள் நோயாளிகளை வர வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவள் வருவதற்குள் சிமெண்டைப் பெயர்த்து, குழியைக் காற்றாட விட்டுவிடலாம். கேட்டால், முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது எனலாம். மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தொட்டியை நாற்காலியருகே இழுத்தார். இப்போது இரண்டு கைகள். இரண்டும் மேலே.

ஊசியால் சிமெண்டின் ஓரத்தை நெம்பினார். உள்ளேயிருந்து யாரோ தள்ளிக்கொடுத்தது போல, அது சுலபமாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

உள்ளே அழுகல் இல்லை. பச்சையும் இல்லை. ஈரமாக, இளஞ்சிவப்பாக, ஈறு. அதில் வெள்ளைப் பூச்சிகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நெருக்கியடிக்காமல், மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. முன்னால் சின்னவை. கடைவாயில் பெரியவை.

சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். பழக்கம்.

கவ்விக்கொண்டது.

இழுத்தார். வரவில்லை. விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். நாற்காலி முழங்காலில் இடித்தது. உட்கார்ந்துவிட்டார். நாற்காலி மெல்லச் சாய்ந்தது. பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

விளக்கு. முகத்துக்கு நேரே.

கைப்பிடியில் அவர் கை. அதன்மேல் இன்னொரு கை. முள்ளோடு.

டிரில் சுழலும் சத்தம். அதை ஓட்டும் மிதிகட்டையில் கால் இல்லை. செடிக்கு ஏது கால்.

வாயில் பஞ்சு.

பிறகு, வாசலில் செருப்புச் சத்தம். சாவி திரும்பியது.

“ஏங்க, இருட்டுல என்ன பண்றீங்க?”

பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறக்க வாய் இல்லை. உதடு இருந்த இடத்தில் கெட்டியாக, வழவழவென்று ஒன்று. நன்றாகத் தேய்த்திருந்தது. பிசிறே இல்லை. அதற்குப் பின்னால், நாக்கின் மேல், பஞ்சு நடந்தது.

அவள் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனாள். தடியன் அங்கேதான் நின்றிருந்தான், நல்ல பிள்ளையாகக் கைகளை இறக்கிக்கொண்டு, வெளிச்சத்தைப் பார்த்து. அடியில் குழி திறந்திருந்தது. இருட்டாக.

“பரவாயில்லையே! சொன்னபடி காத்தாட விட்டிருக்கீங்க. உள்ள காஞ்சிருக்கான்னு பாக்கிறேன்.”

குனிந்து, விரலை நீட்டினாள்.

டாக்டர் கையைத் தூக்கினார். இரண்டு கையையும் தூக்கினார்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

என் பற்கள் அத்தனையையும் கழற்றி, தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டுத்தான் நான் தினமும் தூங்கப் போவேன்.