பெயரில்லாத மூன்றாவது வரி

மடிக்கணினியின் மூலையில் நேரம் இரவு 7.40 என்று இருந்தது. அகீலின் கணக்கில் மதியம் இரண்டு பத்து.

அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான். ஒரே பெட்டிக்குள் ஒரு டிரைவில் விண்டோஸையும் இன்னொரு டிரைவில் லினக்ஸையும் குடிவைத்தவர்களுக்கு இந்தக் கூத்துப் பழக்கம். உள்ளே இருப்பது ஒரேயொரு மணிக்கூடு. ஒன்று அதை இலங்கை நேரம் என்று வாசிக்கும். மற்றது கிரீன்விச் நேரம் என்று வாசித்து, தன்பாட்டில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் இரண்டு சம்பந்திகள் இருந்தால் இப்படித்தான். திருத்திவிடலாம்.

கையை நீட்டித் தேநீர்க் கோப்பையை எடுத்தான். சற்றுமுன் ஊற்றி வைத்தது. வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். தேநீர் சில்லென்று ஆறி, மேலே ஆடை படிந்து, ஆடையின் நடுவில் ஓர் எறும்பு செத்துக் கிடந்தது.

பிறகுதான் ஜன்னலைப் பார்த்தான். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடல் தெரியவில்லை, அதன் உப்பும் எண்ணெயும் கலந்த வாடை மட்டும் இருட்டுக்குள்ளிருந்து ஈரத்துணிபோல வந்து முகத்தில் ஒட்டியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு இழுபட்டு ஓய்ந்தது.

மணிக்கூடு பிழையில்லை.

குசினியில் மகள் நபீஸா கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. தாய் சனூஸா தாதியர் பயிற்சிக்காக ஒரு கிழமை கொழும்புக்குப் போயிருந்தாள். பாடசாலை விடுமுறை. கப்பல் முகவர் ஒருவருக்கு வீட்டிலிருந்தே சரக்குப் பத்திரங்கள் செய்துகொடுக்கும் அகீலின் கையில்தான் பிள்ளை. அவளுடைய தலைமயிர் ஈரமாக இருந்தது.

"ஆர் மகள் தலைக்கு வார்த்த?"

"நீங்கதானே வாப்பா. சவுக்காரம் கண்ணுக்குள்ள போகவே இல்ல."

அகீலுக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. "சரி. இன்னும் நாலு வாய் சோறு தின்னுங்க."

"ரெண்டு."

"மூண்டு."

"ரெண்டு. இல்லாட்டி எழும்பிப் போறன்."

எவ்வளவு கேட்டாலும் அதில் பாதியைச் சொல். இந்த விளையாட்டை அவன்தான் பழக்கியிருந்தான்; மூன்று தலைமுறையாகக் கடை வைத்த குடும்பத்துப் பிள்ளை வேறு எப்படிக் கதைக்கும்? மற்ற நாளென்றால் நெஞ்சு நிமிர்ந்திருக்கும்.

"வாப்பா, பின்னேரம் விளையாடினமே, கண்ணைச் சிமிட்டாம இருக்கிற விளையாட்டு. நீங்கதான் வெண்ட. ஒருக்காக்கூடச் சிமிட்டல்ல."

எட்டு மணிக்குச் சனூஸா அழைத்தாள். "என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? பின்னேரம் நல்லாக் கதைச்சீங்க. கலியாணம் கட்டி ஒம்பது வருஷத்தில இண்டைக்குத்தான் நான் சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறீங்க. ஆளை மாத்திப்போட்டாங்களோ எண்டு நினைச்சன்."

அவள் சிரித்தாள். அவன் தொலைபேசியின் அழைப்புப் பட்டியலைப் பார்த்தான். நான்கு பன்னிரண்டுக்கு ஓர் அழைப்பு. முப்பத்தெட்டு நிமிடம்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், புத்தி பிசகியவனிடம் பிள்ளையை எப்படி விடுவாள்?

இரவு முழுவதும் ஒரே விடயத்தையே நினைத்துக் கிடந்தான். மடிக்கணினியைப் போன கிழமை ஸப்வானின் பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தான். மூன்று டிரைவ் பொருத்த இடமுள்ள பெட்டி. ஒரு மணித்தியாலம் பேரம் பேசியதில் ஸப்வான் களைத்துப்போனான். "உள்ள ஒரு டிரைவ் கிடக்கு அகீல் நானா, என்ன இருக்கெண்டு எனக்கும் தெரியா. அதையும் சும்மா கொண்டுபோங்க. என்னை மட்டும் விடுங்க." மூன்றாவது இடத்தைக் கவனிக்காமல் அகீல் தன் இரண்டு டிரைவ்களைப் பொருத்திய நாளிலிருந்து, எதை இயக்குவது என்று கேட்கும் பட்டியலில் மூன்று வரிகள் வந்தன. விண்டோஸ். லினக்ஸ். கீழே பெயரில்லாத ஒரு வெற்று வரி. அன்று மதியம் கைதவறி அதில் விரல் பட்டது. திரை கறுத்தது. உடனே நிறுத்திவிட்டான்.

உடனே என்றுதான் நினைத்திருந்தான்.

காலையில் மகள் தொலைக்காட்சிக்கு முன் இருக்கும்போது கணினியைத் திறந்தான். டிரைவைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே என்ன சரக்கு என்று பார்க்காமல் எறிவதற்கு அவனுடைய இரத்தம் விடவில்லை. மூன்றாவது வரியைத் தட்டினான்.

கறுப்பு. பிறகு வெள்ளை எழுத்து.

*நேற்று ஐந்தரை மணித்தியாலம் எடுத்தேன். ஒவ்வொரு நாளும் ஐந்தரை வேண்டும்.*

அவன் யோசிக்கவில்லை. விரல்கள்தான் பழக்கத்தில் ஓடின. *இரண்டு.*

*நான்கு.*

*மூன்று. அதற்குமேல் ஏலாது.*

*சம்மதம்.*

விசையிலிருந்து விரல் எழும்புவதற்கு முன்பே பதில் திரையில் நின்றது. இவ்வளவு கெதியாக ஒப்புக்கொள்கிறவன் வேறெதையோ கண்டுவிட்டவன். அத்தோடு தன் வாப்பாவின் கடைச்சட்டம் நினைவுக்கு வந்தது, காலம் கடந்து: விற்க மனமில்லாத பொருளுக்கு ஒருவன் விலை கேட்டால் வாயைத் திறக்கக்கூடாது, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பதில் விலை சொன்னால் விற்கச் சம்மதித்தாயிற்று. எவ்வளவுக்கு என்பதுதான் மிச்சம்.

திருப்புளியை எடுத்து மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றினான். அவனுடைய இரண்டு டிரைவ்கள் இருந்தன. மூன்றாவது இடம் வெறுமை. அதற்குள் தூசி பஞ்சாகத் திரண்டிருந்தது. தூசிக்கு மேல் அறுபடாத சிலந்தி இழை.

மூடியில்லாமலே இயக்கிப் பார்த்தான். விண்டோஸ். லினக்ஸ். வெற்று வரி.

பகல் இரண்டு மணிக்கு அவன் வரச்சொன்ன பஹ்மியின் ஓட்டோ வாசலில் வந்து நின்றது. பாலையூற்றில் அவனுடைய உம்மாவின் வீடு; சனூஸா வரும்வரை நபீஸா அங்கே இருக்கட்டும். கணினியை மேசையில் அப்படியே விட்டான். ஊருக்குள்ளேயே திரிந்து, மரக்கறித் தோலுக்காக நாள்தோறும் படலையில் வந்து நிற்கும் மான்கள் அன்று வீதிக்கு அந்தப்பக்கம் கூட்டமாக நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. மகளின் கை அவன் கைக்குள். சூடான சின்னக் கை. கதவைச் சாத்தினான். இரண்டு மணி இரண்டு நிமிடத்துக்குத் திறப்பைப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பினான்.

கதிரையில் இருந்தான்.

கை வெறுமையாக இருந்தது. முன்னால் மடிக்கணினி, மூடி ஒழுங்காகப் பூட்டப்பட்டு. ஜன்னலில் மஞ்சள் வெயில் சாய்ந்திருந்தது. ஐந்து மணி இரண்டு நிமிடம். தொலைபேசியில் பஹ்மியின் செய்தி: *பயணம் இல்லையெண்டாப் பரவாயில்ல நானா. உள்ள கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தீங்க, சந்தோசம்.*

மூன்று மணித்தியாலம். நிமிடம் பிசகாமல்.

வீட்டில் சத்தமில்லை. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதி நிறுத்தியது. அதன்பிறகு இன்னும் சத்தமில்லை.

"மகள்?"

முன்னறையில் அலுமாரிக்குப் பக்கத்தில், பாயில், அவனுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தாள். உடுப்பு மாற்றியிருந்தது. அவனுக்குச் செய்யத் தெரியாத இரட்டைப் பின்னல்.

"வாப்பா, வந்திட்டீங்களா?" அவள் திரும்பவில்லை.

"நான் எங்கயும் போகல்ல மகள்."

"மற்ற வாப்பா இப்பதான் போனார்."

அவன் சுவரோரமாகத் தரையில் இருந்தான். "என்ன செய்தீங்க ரெண்டு பேரும்?"

"பேரம் விளையாடின."

"எதுக்கு?"

"எனக்கு. என்னைத் தாங்க எண்டு கேட்டார். முழுசா."

"நீங்க வாயைத் திறக்கல்லதானே? மகள். சொல்லுங்க. திறக்கல்லதானே?"

"நீங்க பழக்கின மாதிரித்தான் சொன்ன." அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை. நிறையப் பயம். "பாதி எண்டு சொன்ன."

அவன் கேட்க விரும்பவில்லை. கேட்டான். "அவர்?"

"உடனே சரியெண்டார்."

நபீஸா திரும்பினாள். மெதுவாக. வலது காலை மட்டும் ஊன்றி, மற்றதை இழுத்துக்கொண்டு.

வலது கண் அழுதுகொண்டிருந்தது. ஈரமாக, வேகவேகமாகச் சிமிட்டி. வலது கை அவனை நோக்கி நீண்டது.

இடது கை மடியில் அடக்கமாகக் கிடந்தது. இடது கண் காய்ந்திருந்தது. சிமிட்டவில்லை. கடைக்குள் நுழைந்தவன் தட்டுகளைப் பார்ப்பதுபோல அது அவனை அளந்து பார்த்தது.

வாயின் இடப்பக்கம் மட்டும் திறந்தது. வளர்ந்த ஆளின் குரல். அகீலுடைய குரல்.

"மிச்சப் பாதிக்கு என்ன சொல்றீங்க?"

வலது கண் கெஞ்சியது. ஏதாவது சொல்லுங்க வாப்பா. ஏதாவது.

அகீல் இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கிடையில் மூச்சு அலறியது. முகத்தைத் திருப்ப முயன்றான். அந்த ஈரக் கண்ணை விட்டு முகம் திரும்ப மறுத்தது.

இடது கண் காத்திருந்தது. அவசரமில்லாமல். சிமிட்டாமல்.