இடி இடிச்சா பிளக்க உருவிருங்க

பிளக் மறுபடியும் கழன்றிருந்தது. சும்மா கழன்று தொங்கினால் எலி இழுத்தது என்று விட்டிருக்கலாம். வயரை வட்டமாகச் சுருட்டி, நடுவில் நீலச் சேலைக் கிழிசலால் முடிச்சுப் போட்டு, மேசை ஓரத்தில் வைத்திருந்தது. ரிஜின் கதவைப் பூட்டிவிட்டு ஒன்றுக்குப் போய் வந்தது மொத்தமாக ஐந்து நிமிடம்.

"யார்றா இது?" என்று கத்தினான். மணி மூன்றுதான் ஆகிறது, ஆனால் பீர்மேட்டு மலையில் மழைக்கால மூன்று மணிக்கு வெளிச்சத்தை எங்கே தேடுவது? கம்பி ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது, தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது, பழைய தேயிலைத் தூளின் புளித்த வாடையோடு வெட்டிப் போட்ட மண்ணின் வாடையும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

கிழிசலைப் பிரித்தான். அந்த முடிச்சைப் போட ஒருத்திதான் உண்டு. அவள் செத்துப் பத்து மாதம் ஆகிறது.

இந்த அறையில் இருப்பது ஒரு சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி. மேலே சரிவில் புதைத்த கருவிகள் மண் நகர்கிறது என்று சொன்னால், இது கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சைரனை அலறவிட வேண்டும். அதற்கு முதலில் இது கண் விழிக்க வேண்டும். விழிக்கும்போது அது படிக்கும் பூட் பகுதியோ மகா சோணங்கி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுத்தோடு செத்துக் கிடக்கும். அதனால் இரண்டு பிரதி வை, ஒன்று கெட்டால் மற்றது எழுப்பும் என்று சொல்லித்தான் இவனிடம் கொடுத்தார்கள். அரை நாள் வேலை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டான் ரிஜின். பேட்டரி செத்ததற்கும் அதே அடுத்த வாரம்தான்.

அதற்குப் பதிலாக, கூட்டிப் பெருக்க வரும் செபமாலையம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தான். "இடி இடிச்சா பிளக்க உருவிருங்கக்கா." லயத்தில் டிவிக்கு எல்லாரும் செய்வதுதானே. அவளும் உருவினாள், பெட்டி தன்னைத்தானே புதுப்பித்து எழுதிக்கொண்டிருந்த நேரம் பார்த்து. இடி ஓய்ந்ததும் திரும்பச் சொருகிவிட்டு வீட்டுக்குப் போனாள். பெட்டி எழவில்லை. அன்று மேல் லயத்தை மலை விழுங்கியது, அவளையும் சேர்த்துப் பதினேழு பேர். சைரன் மூச்சுவிடவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் ரிஜின் என்ன சொன்னான்? "அந்தம்மா கேக்காம கொள்ளாம பிளக்க உருவிட்டாங்க சார்." செத்தவள் எழுந்து வந்தா மறுக்கப்போகிறாள்? சீ, என்ன பிழைப்பு.

பிளக்கைச் சொருகிப் பரிசோதனையை ஓடவிட்டான். இன்றைக்கு இரண்டு பிரதியும் வைத்தே தீர்வது. மழை கனக்கிறது, கீழ் லயத்தில் அவன் மனைவி நிமி இருக்கிறாள், கைக்குழந்தையோடு.

அவளே போன் செய்தாள். "என்னங்க, மண்ணு தண்ணி கலங்கலா வருது. சனமெல்லாம் ஸ்கூலுக்குக் கெளம்புது. நானும் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிரட்டா?"

"இந்த மழையில பிள்ளைய நனைக்கப் போறியா? சைரன் அடிச்சா போ. அதுக்குத்தான நான் இங்க உக்காந்திருக்கேன்?"

"அடிக்குமா?"

"அடிக்கும்டீ. வையி."

திரையில் பரிசோதனை முடிந்திருந்தது. உடைந்து உதிரியாகக் கிடந்த தகவல் துண்டுகளைப் பொறுக்கிக் கோப்புகளாக்கி வைத்திருந்தது. எண்ணினான். பதினேழு.

இன்னொரு முறை எண்ணவில்லை. பிரதி எடுக்கும் கட்டளையைத் தட்டினான். பத்து சதவீதம். முப்பது. நாற்பது.

இடி.

திரை அணைந்தது. வயர் மேசைமேல் சுருட்டிக் கட்டியிருந்தது. இந்த முறை ஈரமாக. முடிச்சில் செம்மண் ஒட்டியிருந்தது.

பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. மண் வாடை இப்போது அறைக்குள்ளேயே, அவன் முதுகுக்குப் பின்னால். திரும்பவில்லை. போனை எடுத்தான். சிக்னல் இல்லை. நிமியிடம் ஓடலாம், லயத்துக்கு இறங்க இருபது நிமிடம். பிரதி ஏறிவிட்டால் சைரன் அடிக்கும், இரண்டே நிமிடம். பிளக்கைச் சொருகி, இரண்டு உள்ளங்கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"செபமாலக்கா," என்றான். "நாந்தான் சொன்னேன். உங்க மேல பழி போட்டதும் நாந்தான். எல்லார்ட்டயும் சொல்லிர்றேன்க்கா. இப்ப மட்டும் உருவாதீங்க. என் பிள்ள கீழ இருக்கு."

ஒரு கை அழுத்தியிருக்க, மறு கையால் அதே கட்டளையைத் தட்டினான். இருபது. ஐம்பது. எழுபது.

அப்போது அது கேட்டது. மேலே. மெதுவாக. தரையில் ஏறி, மேசையில் ஏறி, அவன் பல்லில் ஏறியது. இடியென்றால் இடித்து ஓயும். இது ஓயவில்லை.

"இது இடி இல்லக்கா! மலை! மலைக்கா!"

சில்லென்று ஈரமான விரல்கள் அவன் விரல்களுக்கு அடியில் நுழைந்தன. கோபம் இல்லாத விரல்கள். சொன்ன வேலையைச் செய்யும் விரல்கள்.

"இடிக்குதுல்ல தம்பி," என்றது காதோரம் மண் அடைத்த ஒரு குரல். "நீங்கதான சொன்னீங்க."

எண்பத்தெட்டில் திரை அணைந்தது. பனியில் கீழே சைரன் கம்பம் வாயைத் திறந்தபடி சும்மா நின்றது. அவன் கண்ணெதிரே வயர் தானாக எழுந்து, அவசரமே இல்லாமல், ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அழகாகச் சுருண்டுகொண்டிருந்தது.