பின்கண்ணாடியில் மூச்சு

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரத்தில் இருப்பவர் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டு வரட்டும், மேகம் உள்ளே வருகிறது. ஒரு வண்டியின் கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை. நான் உங்களை நடுவழியில் விட்டுவிட மாட்டேன்.

ஊட்டிப் பக்கம் இத்தலாரில் ஹெர்பர்ட் என்று ஒருவர் இருந்தார். முப்பது வருஷம் டீ ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலே இன்றைய கொழுந்தா நேற்றையதா என்று சொல்லிவிடும் மூக்கு அவருக்கு. அதே மூக்கு மனிதர்கள் பக்கம் திரும்பினால் மட்டும் சுளித்துக்கொள்ளும். பஸ்ஸில் போகிறவர்கள் ஆட்டு மந்தை. ஜீப் வைத்திருக்கிறவர்கள் காய்கறி மூட்டை. ஊர்க்காரர்களின் கார்களோ, அவர் பாஷையில், சக்கரம் வைத்த தகர டப்பா. அவரிடம் இருந்ததுதான் வண்டி. பிராஜெக்ட் வேலைக்கு ஊட்டி வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுச் சென்ற டீசல் ஸ்டேஷன் வேகன். சாம்பல் நீலம். பின்பக்கம் ஒரு கட்டில் போடும் அளவுக்கு நீளம். இருபது வருஷமாக அதைத் துடைத்த அளவுக்கு அவர் தன் மனைவி ஞானசுந்தரியின் முகத்தைப் பார்த்ததில்லை.

அந்த ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடித்து ஷெட் கதவைத் திறந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

வண்டியின் பின்பக்கம் நாலு விரல்கடை தாழ்ந்திருந்தது.

அந்த வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. பின்னால் ஆள் ஏறினால் தாழும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் உள்ளே இருக்கிற பம்பு எண்ணெயை அழுத்தி, எவ்வளவு பாரமானாலும் பின்பக்கத்தைத் தானே தூக்கி நேராக நிறுத்தும். இதை வருவோர் போவோருக்கெல்லாம் ஓட்டிக் காட்டி, "உங்க வண்டி செய்யுமா?" என்று கேட்பது அவருக்கு ஒரு சுகம். இப்போது பின்னால் யாரும் இல்லை, எதுவும் இல்லை. கதவைத் திறந்து பார்த்தார். விரித்த தார்ப்பாய் மட்டும்.

'கசிவு,' என்று சொல்லிக்கொண்டார். 'ஊர்க்கழுதை கை வைத்த வேலை. செத்தும் தொல்லை.'

அந்த ஊர்க்கழுதையின் பெயர் சுடலைமணி. இத்தலார் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். பள்ளிக்கூடம் பார்க்காத அந்த மனிதர் அந்த ஜெர்மன் எஞ்சினின் காய்ச்சலையும் சளியையும் காதாலேயே கண்டுபிடிப்பார். ஆனாலும் இருபது வருஷத்தில் ஒருநாள்கூட ஹெர்பர்ட் அவரை முன் சீட்டில் உட்கார விட்டதில்லை. கிரீஸ் ஒட்டுமாம். வேகனின் வால்பகுதியில் பிள்ளைகளுக்கென்று மடக்குச் சீட்டு ஒன்று, பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். அதில் பேப்பர் விரித்து உட்காரவைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பார். ஹெர்பர்ட் போகிற வழியைப் பார்க்க, சுடலைமணி வந்த வழியைப் பார்ப்பார். டீசல் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் பஸ் கண்டக்டர் விசில் கணக்கையே அவர்கள் வைத்துக்கொண்டார்கள். சுடலைமணி கையில் இருக்கும் ஸ்பேனரால் பக்கத் தகட்டில் ஒரு தட்டு தட்டினால், நில். இரண்டு தட்டு, போ. மேகம் இறங்கிய நாட்களில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே கணக்குத்தான். பின்னால் இருப்பதைக் காட்டும் சின்னக் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கமே ஹெர்பர்ட்டுக்கு விட்டுப்போயிருந்தது. காது கேட்கும், கால் செய்யும்.

சுடலைமணி செத்து அன்றோடு முப்பத்தேழு நாள்.

"தொரைங்க..." என்று கேட்டில் குரல் கேட்டது. சுடலைமணியின் மனைவி இசக்கியம்மா. நனைந்த கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"என்னம்மா, மறுபடியும்?"

"அவரு ஸ்பேனருங்க. போகும்போது கையில புடிச்சிருந்தாரு. ஆஸ்பத்திரில குடுத்த துணிமூட்டைல இல்லீங்க. போட்டோகிட்ட வைக்கலாம்னு..."

"ஸ்பேனருக்கு மாலை போடப் போறியா? பூஜை பண்ணினா வண்டி ஓடுமா?"

"ஓடுமுங்க. அவரு கும்பிட்டுத்தானுங்க கை வெப்பாரு. இருவது வருசமா உங்க வண்டி ஓடலையாக்கும்?"

ஹெர்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. "தேடிட்டேன். வண்டியில இல்லை."

அவள் நகரவில்லை. "இன்னொண்ணு கேக்கோணுமுங்க. என்னைய ஏத்த எடமில்லைன்னு சொல்லிப்போட்டீங்க, நான் பொறகால பஸ்ஸுல வந்தேன். கடைசியா அவரு ஏதாச்சும்... தட்டுனாருங்களா?"

"ஒரு சத்தமும் இல்லை. தூங்கற மாதிரி போயிட்டான். எத்தனை தடவை சொல்றது?"

"அப்புடீங்களா," என்றாள். அவரைத் தாண்டி ஷெட்டுக்குள் பார்த்தாள். தாழ்ந்திருந்த பின்பக்கத்தில் அவள் கண் நின்றது. "ஏனுங்க, ஊட்டிக்கு ஆளேத்திட்டுப் போறீங்களா?"

ஹெர்பர்ட் ஷெட்டுக்குள் போய்விட்டார்.

ஊட்டியில் செலஸ்டின் என்று ஒரு புது மெக்கானிக், நாலு மணிவரை கடையில் இருப்பான். அவனும் தகர டப்பாக்காரன்தான். வேறு வழியில்லை. சாவியைத் திருப்பி, டீசல் எஞ்சினை முதலில் சூடாக்கும் ஹீட்டரின் விளக்கு அணையும்வரை காத்திருந்து, ஸ்டார்ட் செய்தார். கடகடவென்று பிடித்தது. டீசல் புகை ஷெட்டை நிறைத்தது. வழக்கம்போல் எஞ்சின் சூடாகட்டும் என்று ஐந்து நிமிஷம் விட்டார்.

அப்போது பின்பக்கம் மெதுவாக, பெருமூச்சு விடுவதுபோல், நிமிர்ந்தது.

ஞானசுந்தரி குடையோடு படியில் நின்றிருந்தாள். அவள் முப்பத்தேழு நாளாக அந்த வண்டியில் ஏறவில்லை. "ஏங்க, இன்னைக்கு வேண்டாமே. எனக்கு அந்தப் பின்பக்கம் பார்த்தாலே..."

"நீ ஜெபம் பண்ணு. அதுக்கு லைசென்ஸ் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதல் வளைவு தாண்டும்போதுதான் அது அவருக்கு உறைத்தது. எண்ணெய் கசிந்தால் பின்பக்கம் தாழும், சரி. கசிந்த வண்டி நிமிராது. இது நிமிர்ந்தது. அப்படியென்றால் கசிவு இல்லை. அப்படியென்றால்.

ரேடியோவைப் போட்டார். இரைச்சல். அணைத்தார்.

மேகம் தேயிலைச் சரிவிலிருந்து ரோட்டுக்கு ஏறிவந்துகொண்டிருந்தது, யாரோ கீழே பெரிய அண்டாவில் கொதிக்கவைத்து ஊதிவிடுவதுபோல. மணி இரண்டேகால்தான். மேகத்துக்கென்று முன்னால் மாட்டியிருந்த மஞ்சள் விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஈர யூகலிப்டஸ் வாசம், டீசல் வாசம், அவற்றுக்கு அடியில் இன்னொன்று. முதலில் அதை அவர் மூக்கு ஒப்புக்கொள்ளவில்லை. புகையிலை. சுடலைமணி கன்னத்தில் அடக்கிவைத்திருக்கும் புகையிலை.

ஹெர்பர்ட் கண்ணாடியைப் பார்த்தார்.

பின்னால் சீட்டு காலி. தார்ப்பாய் தெரிந்தது. பின்கண்ணாடி சுத்தமாக இருந்தது, ஒரே ஓர் இடம் தவிர. உட்கார்ந்திருக்கும் மனிதனின் வாய் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில், உள்பக்கமாக ஒரு பனி வட்டம். அவர் பார்க்கப் பார்க்க அது சுருங்கியது. பிறகு விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

'ஈரம்,' என்றார் வாய்விட்டு. 'வெறும் ஈரம். முட்டாள்தனம்.'

டக் டக்.

பக்கத் தகட்டில். இரண்டு தட்டு. போ.

கண்ணுகளா, அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு இப்போது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹெர்பர்ட்டும் இப்போதுதான் அதை நினைத்தார். ஜூலை மழையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த சுடலைமணியைப் பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளை நீட்டிப் படுக்கவைக்க ஊரிலேயே தோதான வண்டி அது ஒன்றுதான். நடுச்சீட்டை மடக்கினால் போதும். ஆனால் சீட்டுக்குப் போன வாரம்தான் வெண்ணெய் நிறத்தில் புது உறை தைத்திருந்தது. "மடக்கினா மடிப்பு விழும்," என்றார் ஹெர்பர்ட். வழக்கமான இடத்திலேயே, தார்ப்பாய் விரித்து, உட்காரவைக்கச் சொன்னார். அந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எஞ்சின் சூடாக ஐந்து நிமிஷம் காத்திருந்தார். குளிர்ந்த டீசலை விரட்டக் கூடாதல்லவா.

வழியில் ஒரு தட்டு கேட்டது. நில்.

ஹெர்பர்ட் நிற்கவில்லை. நின்றால் இறக்கிப் படுக்கவைக்கக் கேட்பான், வாந்தி எடுப்பான், நடுச்சீட்டுக்கு வருவான். இன்னொரு தட்டு. இன்னொன்று. வேண்டாம் என்று நினைத்தாலும் காது எண்ணியது. பதினொன்று. பதினொன்றாவது மிக மெல்ல. அதற்குப் பிறகு வண்டி மிக நன்றாக ஓடியது.

டக் டக்.

"போறேன்ல," என்று கத்தினார். கத்தியதும் வெட்கம் வந்தது. யாருக்குப் பதில் சொல்கிறோம்? ஊட்டிக்கு முன்னால் வரும் லவ்டேலுக்கே இன்னும் தூரம் இருந்தது. ரோடு இறக்கத்தில் குறுகியது. இடப்பக்கம் பள்ளம். மேகத்தில் பள்ளமே தெரியவில்லை, வெள்ளைச் சுவர்போல் இருந்தது.

எதிரே இரண்டு விளக்குகள். ஹாரன். ஏறிவரும் பஸ்.

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும், ஹெர்பர்ட்டுக்கும் தெரியும். ஆட்டு மந்தைக்கு வழிவிடுவதா என்று அப்படியே நின்றார். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"பெரியவரே, ஏத்தத்துல நிறுத்தி வெச்சிருக்கறனுங்க! பின்னாடி எடுங்க! வளைவுல எடமிருக்குது!"

"ஒண்ணும் தெரியலைய்யா!"

"உங்களுக்கு என்னத்துக்குங்க தெரியோணும்? அதான் பின்னாடி ஒருத்தரு உக்காந்திருக்காருல்ல, அவரப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க!"

ஹெர்பர்ட்டின் கை கியரில் அப்படியே இருந்தது.

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. அவர் ரிவர்ஸ் போட்டார். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

டக் டக். வா.

கால் தானாகவே அழுத்தியது. இருபது வருஷத்துக் கால்.

டக் டக். வா.

பஸ்ஸின் விளக்கு சிறுத்தது. மேகம் மூடியது. இப்போது முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை.

டக் டக்.

ஒதுங்கும் இடம் வந்திருக்க வேண்டும். இந்நேரம் ஒற்றைத் தட்டு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சக்கரத்தின் கீழ் தார் போய் மண் வந்தது. மண் போய்ப் புல். பின்னால் ஒரு கல் பெயர்ந்தது. அது விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, வெகு கீழே, தேயிலைச் செடியில் பட்டது.

ஹெர்பர்ட் பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்தார். வண்டி நின்றது. எஞ்சின் துடித்து அணைந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கம்பி அறுந்ததுபோல் தொளதொளவென்று வந்தது. சாவதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தான் சுடலைமணி.

பின்சக்கரங்கள் பள்ளத்தை நோக்கிச் சரிந்த புல்லில். எல்லாம் இனி பிரேக்கை மிதித்திருந்த அந்த வலதுகாலில்.

அமைதி. புகையிலை வாசம். அவர் கண்ணாடியைப் பார்த்தார். பனி வட்டம் விரிந்தது, சுருங்கியது. விரிந்தது, சுருங்கியது. காத்திருப்பதுபோல இருந்தது.

என்ன கேட்கிறான் என்று ஹெர்பர்ட்டுக்குத் தெரியும். இசக்கியம்மா கேட்டதைத்தான். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயையும் திறந்தார்.

"கேட்டுச்சுடா," என்றார். குரல் நடுங்கியது. நடுக்கம் அவருக்கே பிடிக்கவில்லை. ஒரு மெக்கானிக்கிடமா? மூக்கு சுளித்தது. "கேக்காம என்ன? பதினோரு தடவை. நிறுத்தியிருந்தா என் சீட்டை நாறடிச்சிருப்பே. எறங்குடா வண்டியை விட்டு."

பனி வட்டம் சுருங்கியது.

விரியவில்லை.

பின்கண்ணாடி துலக்கமாயிற்று. அங்கே மூச்சுவிட இப்போது யாரும் இல்லை. தார்ப்பாய் சரசரத்தது. மடக்குச் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டு எழுந்தது. அப்புறம் நடுச்சீட்டில், அந்தப் புது வெண்ணெய் நிற உறையில், பாரம் ஏறி அமுங்கும் சத்தம். மெதுவாக. ஓர் ஆள் முதல்முறையாக அங்கே உட்காரும் சத்தம்.

ஹெர்பர்ட் திரும்பவில்லை. வலதுகாலைப் பிரேக்கில் இன்னும் அழுத்தினார்.

அவர் கண் முன்னால் இருந்த சின்னக் கண்ணாடி ஓரத்தில் மங்கத் தொடங்கியது. பனி அதன்மேல் பரவியது. சுருங்கியது. பரவியது. காதின் பின்னால் சூடாக, புகையிலையோடு.

அவர் சீட்டின் இரும்பில், முதுகுக்கு நேர் பின்னால்,

டக்

டக்.

கால் எழுந்தது.

போதும் கண்ணுகளா, கையை இனி விடலாம். நீங்கள் போகிற ரோடெல்லாம் மேகம் விலகிக் கொடுக்கட்டும். உங்கள் வீட்டில் நில் என்று ஒருவர் சொன்னால் கேட்கிற காது எல்லாருக்கும் இருக்கட்டும். உங்கள் வாசலில் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம், ஏறினவர்கள் அத்தனை பேரும் சுகமாக இறங்கட்டும். ஏறினவர்கள் மட்டும் இறங்கட்டும்.