யார் புகை?

நிதிலன் ஊதுபத்தியைக் கொளுத்தியதும் சுவரில் இருந்த புகைமானி ஒருமுறை இருமியது.

“பாருங்க, உங்கம்மாவுக்கு ஒரு பத்தி ஏத்தினா அது இருமுது. நான் நாள் பூரா இருமினாலும் திரும்பிப் பார்க்க ஆளில்ல” என்றாள் ஜெசிந்தா, மழைக்கோட்டின் கிழிசலை ஒட்டிக்கொண்டே.

“நீ இருமினா கரி வராதே ஜெசி. வந்தா சர்க்காரு அதையும் பிடிச்சுக்கும்.”

அந்த வீட்டில் தினமும் காலையில் நடக்கிற பேச்சுதான் இது. பத்தி எரிந்து முடியும்வரை நிதிலன் அம்மாவின் படத்துக்கு முன்னால் நிற்பான். அதற்குள் ஜெசிந்தா மருந்துப் பெட்டியை வண்டியில் கட்டிவிடுவாள். கொல்லிமலைச் சாலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போன பிறகு மேலே இருக்கும் ஊர்களுக்கு மருந்து போவது மூன்று மண்ணோடிகளில்தான். மண்ணோடி என்பது அரசு வைத்த பெயர். ஊரில் எல்லாருக்கும் அது டர்ட் பைக். ஓட்டுகிற மூன்று பெண்களில் ஜெசிந்தா மூத்தவள், செவிலி. வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பது நிதிலன்.

இன்றைக்கு மருந்துப் பெட்டி இல்லை. இரண்டு வண்டிகளில் இரண்டு பேரும் ஜெனரேட்டர் வாங்கப் புறப்பட்டார்கள். மழைக்காலம் இப்போதெல்லாம் ஆவணியில் பிடித்தால் தையில்தான் விடுகிறது. அத்தனை மாதமும் சூரியத் தகடு வெறும் கூரைதான். அடிவாரத்தில் நிறைய சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினாலும் செங்குத்தான ஏற்றம் அதைத் தின்று தீர்த்துவிடும். அரைமலைப் பள்ளிக்கூடத்தோடு வண்டிகள் படுத்துக்கொள்ளும். அங்கே வைத்து மறுபடி சார்ஜ் ஏற்றத்தான் ஜெனரேட்டர்.

கடைவீதியில் நவ்ஃபலின் கடை வாசலில் உண்மையான விறகு அடுப்பு எரிந்தது. அதன்மேல் டீ கொதித்தது. தெருவில் போகிறவர்கள் அந்த வாசனைக்காகவே நடையைத் தளர்த்தினார்கள்.

டம்ளரைக் கையில் வாங்கியதும் நிதிலன் கேட்டான்: “யார் புகை?”

“என் புகைதாண்ணே. குடிங்க.”

“நல்லா இரு.”

நெருப்பில் ஆனது எதுவானாலும் வாயில் வைக்குமுன் இதைக் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் குடிப்பவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். பிறக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஆயுளுக்கும் இவ்வளவுதான் என்று ஒரு புகைப்பங்கைக் கொடுத்துவிடுகிற காலம் இது. கெட்டுப்போன காற்றைத் தேற்றி எடுப்பதற்காக உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஏற்பாடு. சோறு ஆக்குவதும் ஊருக்குப் போவதும் மின்சாரத்தில் என்றாகிவிட்டதால் அன்றாடத்துக்கு அந்தப் பங்கு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் ஒருவர் உங்களுக்காக நெருப்பு மூட்டினால், தன் ஆயுளில் ஒரு துளியைக் கிள்ளித் தருகிறார் என்று பொருள்.

“அடுப்பு டீயைக் கொடுத்தே ஆளை மயக்கிடுற நீ” என்றாள் ஜெசிந்தா.

“எங்க ஆளுங்களுக்குக் கடைசிப் புகை வேண்டாமே அக்கா. எனக்கு அம்பது முடிஞ்ச அன்னிக்கே பூட்டைத் திறந்து அடுப்பைப் பத்த வெச்சுட்டேன். இல்லேன்னா எங்க அண்ணன் மகன் கல்யாண பிரியாணிக்குக் கேட்டு வந்து நிப்பான்.”

“பங்காளிகிட்ட இருந்து தப்பிச்சுட்ட.”

மூவரும் சிரித்தார்கள். ஆனால் ‘கடைசிப் புகை’ என்றதும் நிதிலனின் பார்வை டம்ளருக்குள் போய்விட்டதை ஜெசிந்தா கவனித்தாள்.

பங்கில் ஒரு பகுதியை யாரும் தொட முடியாமல் அரசு பூட்டி வைத்திருக்கும். அது ஒருவரை எரியூட்டுவதற்கு. மின்மயானம் ஆனாலும் உடம்பும் ஒரு விறகுதானே, அதற்கும் பங்கு பிடிப்பார்கள். ஐம்பது வயது தாண்டியவர் மனமுவந்தால் அதை முன்னாலேயே செலவழிக்கலாம். செலவழித்தவருக்கு முடிவில் மண்தான்.

ஜெசிந்தாவின் வீட்டார் எல்லாரும் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார்கள். அவளுக்கும் அங்கே இடம் இருக்கிறது. நிதிலனின் அப்பாவையும் அம்மாவையும் எரித்தது ஐயாற்றங்கரையில். “எங்களை வெக்கிற இடத்துக்கே நீயும் வந்துடு சாமி, எங்கயும் தனியாக் கிடக்காத” என்று அம்மா கடைசியாகக் கேட்டு அவன் தலையாட்டியிருந்தான். கல்யாணமாகி, இருவருக்கும் ஐம்பதும் தாண்டிவிட்ட இத்தனை காலத்தில் இரு வீட்டுச் சண்டைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டன. இந்த ஒன்றை மட்டும் இருவரும் பேசுவதே இல்லை.

நவ்ஃபல் இரண்டு ஜெனரேட்டர்களை வெளியே எடுத்து வைத்தான். இரண்டும் புங்கெண்ணெயில் ஓடுகிறவை. ஒன்று தையல் மெஷின் அளவு. இன்னொன்று கல்யாணச் சீர்ப்பெட்டி போல இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

“சின்னது பூனை மாதிரி. சத்தமே வராது. ஒரு கையால தூக்கிப் பின்னால கட்டிக்கலாம். ஒரு கடைசிப் புகையை ஏத்தினா பூட்டுத் திறந்துடும், அப்புறம் எஞ்சின் தேயிற வரைக்கும் ஓட்டலாம். பெருசு ரெண்டாப் பிரியும். ஆளுக்குப் பாதியாக் கொண்டுபோய் மேல மாட்டிக்கணும். அதுக்கு ரெண்டு பேரோட புகை வேணும்.”

“விலையை ஊர்ச்சபை கொடுத்துடும்” என்றான் நிதிலன்.

“விலை கிடக்குதுண்ணே. புகையை சபை தர முடியாதே.”

“சின்னதே போதும்” என்றாள் ஜெசிந்தா.

வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்த சொல் அது. அவள் புகை யாருக்கும் பயனில்லாமல் கிடக்கிறது. அதைக் கொடுத்தால் எவருக்கும் நஷ்டமில்லை.

நிதிலன் குனிந்து சின்னதன் வயிற்றில் ஒட்டியிருந்ததைப் படித்தான். “இது மூச்சைப் பிடிச்சுத் தூக்குற தெம்புப்பா. நாள் பூரா சுமக்கிற தெம்பு எவ்வளவு?”

நவ்ஃபல் தலையைச் சொறிந்தான். “அது கொஞ்சம் குறையும்ணே.”

“கரண்டு சுத்தமா வருமா? ஏறி இறங்கி வந்தா சார்ஜர் கருகிடும்.”

“ரெண்டுமே சுத்தம்தான். அதுல பழுது சொல்ல முடியாது.”

“அப்ப வண்டியை மாட்டிப் பார்த்துடுவோம்.”

ஓட்டிக் காட்டுவதற்கென்று கடைகளுக்குக் கொஞ்சம் வெள்ளோட்டப் புகை உண்டு. நவ்ஃபல் கயிற்றை இழுத்தான். முதல் வண்டியை மாட்டியபோது சின்னது சமர்த்தாக முனகியது. இரண்டாவதை மாட்டியதும் அடித்தொண்டையில் உறுமி, சிவப்பு விளக்கைக் காட்டி, நின்றுவிட்டது.

“ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு போட்டுக்கலாம்” என்றாள் ஜெசிந்தா அவசரமாக.

“மழை எவ்வளவு நேரம் விடும் ஜெசி? மூணு வண்டிக்கு வரிசை போட்டுக்கிட்டு நிக்குமா?”

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் வானம் கொஞ்சம் வெளுத்தது. மூன்று வண்டிகளும் அரைமலையில் உயிரில்லாமல் நின்றன. மேலே இலுப்பைக்காட்டில் பவளம் என்பவளின் புருஷனைப் பாம்பு தீண்டியிருந்தது. ஜெசிந்தா விஷமுறிவு மருந்தை மாரோடு கட்டிக்கொண்டு வழுக்குப் பாறைகளில் தவழ்ந்து ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது பவளம் வாசலில் உட்கார்ந்து, அவன் காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். “வந்துட்டீங்களா அக்கா” என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பெருசை எடுப்பா” என்றான் நிதிலன்.

“எடுக்காத நவ்ஃபல்.”

“எடு.”

“நான் வேணா உள்ள போய் ஸ்பேனர் தேடிட்டு வர்றேன்” என்று நவ்ஃபல் நழுவினான்.

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டாவது புகை யாருது?”

“வேற யாரு இருக்கா, நாந்தான்.”

“உங்கம்மாவுக்குத் தலையாட்டினது மறந்துபோச்சா? தினமும் பத்தி கொளுத்தத் தெரியுதில்ல? நாளைக்கு அந்தப் படத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பீங்க?”

“அதைத்தான் ஒரு மாசமா பார்த்துட்டு இருக்கேன். ஆத்தங்கரைக்கு வான்னு அம்மா எதுக்குச் சொல்லுச்சு? தனியாக் கிடக்கக் கூடாதுன்னுதானே. அங்க போனா நான் தனிதானே ஜெசி. நீ இங்க, மாதா கோயில்ல. நடுவுல பஸ்கூடக் கிடையாது.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் விழுங்கினாள். “அதுக்கு? எங்க கல்லறைத் தோட்டத்துல உங்களை யார் விடுவா?”

“ஃபாதரைப் பார்த்துக் கேட்டுட்டேன்.”

“எப்ப?”

“போன வாரம். வண்டிக்குப் பிரேக் கட்டை வாங்கப் போறேன்னு சொன்னேனே, அன்னிக்கு.”

“அன்னிக்குப் பிரேக் கட்டையோட வந்தீங்களே!”

“அதையும் வாங்கினேன். ‘இப்பல்லாம் புகையைக் கொடுத்துட்டு நிறையப் பேர் வர்றாங்க, உனக்கும் இடம் தரலாம்’னார். ‘ஆனா ஒரு ஞாயித்துக்கிழமையாவது கோயில் பக்கம் வரக்கூடாதா’ன்னு கேட்டார். ‘செத்தப்புறம் தினமும் அங்கதானே ஃபாதர் இருக்கப்போறேன், சேர்த்து வெச்சுக் கழிச்சுக்கிறேன்’னேன்.”

“அவரு என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு. இடம் கொஞ்சம் நெருக்கமா இருக்கும்னாரு.”

ஜெசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எனக்காக இதைப் பண்ணாதீங்க. பின்னால ஒருநாள் மனசு கேக்காது.”

“உனக்காகன்னு யார் சொன்னது? பாதி பவளத்துக்கு. அன்னிக்கு நீ இறங்கி வந்து சோத்துத் தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தியே, அந்தத் தட்டுக்குப் பாதி.” அவன் பெரிய பெட்டியின் பூட்டின்மேல் கட்டைவிரலை வைத்தான். பூட்டு ஒரு குழந்தை விக்கியதைப் போலச் சத்தம் செய்து, பச்சையாக ஒரு கண்ணைத் திறந்தது. இன்னொரு கண் காத்திருந்தது. “வை” என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் விரலை வைத்தாள்.

மழை சொன்னபடி ஆவணியில் பிடித்தது. இரண்டு பாதிகளையும் அரைமலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் நிதிலன் ஒன்றாக்கினான். பிள்ளைகள் உட்கார்ந்த பழைய பெஞ்சு ஒன்றைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மழைக்காலத்துக்கு அங்கேயே குடியேறினான். ஓடாத நேரத்திலும் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தான். “மாப்பிள்ளைக் குதிரை மாதிரி வெச்சிருக்கீங்க” என்று மற்ற இரண்டு பெண்களும் கேலி செய்தார்கள்.

ஒரு காலையில் இலுப்பைக்காட்டிலிருந்து பவளத்தின் குரல் தொலைபேசியில் வந்தது. மகளுக்கு மூச்சு இழுக்கிறது, உதடு நீலம் பூத்திருக்கிறது. நனைந்து வந்து சேர்ந்த மூன்று வண்டிகளையும் நிதிலன் ஒன்றாக மாட்டினான். பெரியது உறுமவில்லை, திணறவில்லை. அதன் குழாயிலிருந்து மெல்லிய சாம்பல் நிறப் புகை எழுந்து மழைக்குள் போனது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தாள்.

“அது நீங்கதான் போறீங்க” என்றாள் மெதுவாக.

“நீயும்தான். எது யாருன்னு பிரிச்சுச் சொல்லு பார்ப்போம்.”

மழை விட்டபோது மூன்று வண்டிகளும் தயாராக இருந்தன. இரண்டு பெண்கள் வேறு ஊர்களுக்குப் பிரிந்தார்கள். ஜெசிந்தா இலுப்பைக்காட்டு ஏற்றத்தில் ஒரு இடத்திலும் கால் ஊன்றவில்லை.

பவளம் வாசலில் நின்றிருந்தாள். இந்த முறையும் “வந்துட்டீங்களா அக்கா” என்றுதான் கேட்டாள். ஜெசிந்தா ஓடிப்போய்க் குழந்தையின் முகத்தில் மருந்துக் குழலைப் பொருத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு தணிந்தது. உதட்டுக்கு நிறம் திரும்பியது. குழந்தை கண்ணைத் திறந்து, ஜெசிந்தாவின் சொட்டுகிற கோட்டைப் பார்த்து, “பாய் நனையுது” என்றது.

பவளம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு வழக்கத்தை நினைத்துக்கொண்டவள் போலக் கேட்டாள்: “யார் புகையில வந்தீங்க அக்கா?”

“என்னுதும் எங்க வீட்டுக்காரருதும்.”

பவளம் அவள் தலையின் நரையைப் பார்த்தாள். எந்தப் புகை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ‘நல்லா இருங்க’ என்று சொல்ல வாயெடுத்தவள், அது போதாதென்று எழுந்து வாசலுக்குப் போனாள். கீழே, மரங்களுக்கு மேலே பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. அதைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஜெசிந்தா இறங்கி வந்தபோது மழை மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்த மற்ற இரண்டு வண்டிகளுக்கும் சார்ஜ் ஏற்றி அனுப்பிய நிதிலன், ஜெனரேட்டரை அணைத்துவிட்டு அதன் சூட்டில் குளிர் காய்ந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“பிள்ளை?”

“பாய் நனையுதுன்னு என்னையத் திட்டுது.”

அவன் பெருமூச்சு விட்டான். ஒன்றும் இல்லாததுபோல, “யார் புகைன்னு கேட்டாங்களா?” என்றான்.

“கேட்டாங்க.”

“என் பேரைச் சொன்னியா?”

“வீட்டுக்காரர்னு சொன்னேன்.”

“பேரைச் சொல்லலையா?” அவன் முகம் தொங்கிப்போனது. “அடுத்த தடவை இனிஷியலோட சொல்லு.”

“சொல்றேன். தள்ளுங்க, குளிருது.”

“பெஞ்சு சின்னது ஜெசி. ரெண்டு பேருக்கு நெருக்கமா இருக்கும்.”

“பரவால்ல” என்றாள். ஈரக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து, அவன் தோளோடு தோளாக அந்தச் சின்ன இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். “இப்பவே பழகிக்கலாம்.”