11.04-ல் துள்ளாத கோடு

காலை 11.10. பாலகாட்டின் பழைய தங்கச் சுரங்கக் கட்டடத்தில் இயங்கிய விண்வெளி ஆய்வுக்கூடத்தில் ஒரு செயற்கைக்கோள் செத்தது. நிஜமானதல்ல, கண்ணாடிபோல் இழைத்த கருங்கல் மேடைமேல் காற்றில் மிதக்கும் மாதிரி வடிவம். பூவைப்போலப் பிடிக்க வேண்டிய இயந்திரக் கை, ஒரே அடியில் அதை அப்பளமாக்கிவிட்டது. அந்தச் சத்தம் ஆண்டர்சன்பேட்டையில் கல்யாண மேளத்தையே நிறுத்தியிருக்கும்.

மறுகணம் இரும்புக் கதவு பூட்டிக்கொண்டது. ஏசியும் நின்றது. விபத்துக்குப் பொறுப்பானவர் கணினியில் கையெழுத்துப் போட்டால்தான் இனித் திறக்கும்.

உள்ளே மூன்று பேர். இயந்திரக் கைக்குப் புரோகிராம் எழுதிய எலைன், மேடையருகே. பெங்களூர் மேலாளர் கிரண், கணினியும், இயந்திரக் கையை நேரடியாக ஓட்டும் லீவரும் இருந்த மேசையில். பாதுகாப்புக்கு சைலஸ்; சுரங்கத்தில் ஆளிறக்கும் கூண்டான கேஜை இழுத்த பழைய வைண்டிங் டிரைவர்.

11.04-க்கு ஒரு ஏர் பிளாஸ்ட் வேறு வந்து போயிருந்தது. கைவிட்ட சுரங்கத்துக்குள் பாறை வெடித்துத் தரை குலுங்குவதற்கு ஊர்க்காரர்கள் தும்மலுக்குத் தரும் மரியாதைகூடத் தருவதில்லை. எலைன் திரும்பவில்லை. சைலஸ் டீ உறிஞ்சினார். கிரண் மட்டும் "பூகம்பம்!" என்று மேசைக்கடியில் பாய்ந்தார்.

11.40. சைலஸின் சட்டையைப் பிழிந்தால் ஸ்கெலட்டன் குடியிருப்பு முழுக்க ஒரு வாரத் தண்ணீர் கிடைக்கும். எட்டாயிரம் அடி ஆழத்துக்கு ஆளை இறக்கியவருக்கு இந்தத் தரைமட்ட அறையில் மூச்சு முட்டியது.

அரைமணியாகக் கணினியோடு ஒட்டிக்கிடந்த கிரண் நிமிர்ந்தார். "பதிவைப் பாருங்க. பதினொண்ணுலேர்ந்து முழுக்கப் புரோகிராம்தான் ஓட்டியிருக்கு. எலைன், சைன் பண்ணுங்க. வெளிய போலாம்."

"பண்ணா என் வேலை போயிடும் சார். அந்த வேகமே என் புரோகிராம்ல கிடையாது."

"அப்ப இங்கேயே வேகுங்க."

எலைனின் விரல் விசைப்பலகை வரை போய்விட்டது.

"இரும்மா," என்றார் சைலஸ். இருபது வருஷம் கேஜைக் கண்ணால் பாராமல், ஆழம் காட்டும் ஊசியை மட்டும் நம்பி ஓட்டியவர் அவர். திரைக்கு மூக்கைக் கொண்டுபோனார். "இது இன்னா கோடு சார்?"

"மேடை அதிர்வு. ஈ உட்கார்ந்தாகூடப் பதியும்."

"11.04-க்கு எங்க இருந்தீங்க?"

"இங்கேதான்."

"மேசைக்கு மேலயா, கீழயா?"



"அய்யோ அங்கிள், ஏர் பிளாஸ்ட்!" எலைன் தலையில் அடித்துக்கொண்டாள். "மறந்தே பூட்டேன்!"

"நம்ம ஊருல யாரு அதையெல்லாம் ஞாபகம் வெச்சிக்கறாங்க? ஆனா கல்லு மறக்காதும்மா. இந்தக் கோடு 11.04-ல எண்ணெய் தடவி வாரின தலை மாதிரி படிஞ்சி கெடக்குது. இது நேத்து நாம ஒத்திகை பார்த்த பதிவு. கடைசி அடியை மட்டும் வெட்டி ஒட்டியிருக்காரு."

"ச்சே, சின்ன அதிர்வு. பதிஞ்சிருக்காது," என்றார் கிரண்.

சைலஸ் ஓங்கித் தரையை மிதித்தார். திரையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த கோடு, சூடுபட்ட பூனையாய்த் துள்ளியது.

கிரணின் குரல் இறங்கியது. "பன்னெண்டுக்கு ஹெட் ஆபீஸ் கால். புரோகிராம் ஆமை மாதிரி போச்சு. லீவரைக் கொஞ்சம்தான் தள்ளினேன்..."

"கேஜை இழுத்தவன்தான் புக்ல கையெழுத்துப் போடணும் சார். எங்க சுரங்கத்துல அதான் சட்டம்."

11.58. கிரண் கையெழுத்திட்டார். கதவு பெருமூச்சுவிட்டுத் திறந்தது. எலைன் முதலில் வெளியேறினாள், ஓடவில்லை, நடந்தாள். சைலஸ் ஆறிப்போன மிச்ச டீயைக் குடித்துமுடித்தார். 11.04 குலுக்கலில் அதிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை.