இரும்பைக் கேட்காத கருவி

நேற்று வாயே திறக்காத இடத்தில் இன்று கருவி கூவியது.

கட்டிலின் கால்மாட்டிலிருந்து இரண்டடி தள்ளி, சுவரோரம். தெல்ஃபினா, உலோகம் தேடும் அந்தக் கருவியின் வட்டத் தட்டை இடமிருந்து வலமாக ஒருமுறையும், வலமிருந்து இடமாக ஒருமுறையும் தரையை ஒட்டி ஓட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே குரல். மெல்லிய, பிசிறில்லாத, வெள்ளிக்கே உரிய குரல். திரையில் வெள்ளிக்கான எண், எண்பத்து நாலு. இதே இடத்தைத்தான் நேற்று ஒரு சாண்கூட விடாமல் மூன்று தடவை தேடியிருந்தாள். அப்போது காதுக்கருவிக்குள் கேட்டதெல்லாம் மண்ணின் லேசான இரைச்சல்தான். கை அசந்து தட்டைத் தூக்கிப் பிடித்திருப்பேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மண்டியிட்டாள்.

வெளியே பொட்டோசி என்ற அந்த மலையுச்சிச் சுரங்க நகரமே திருவிழாவில் இருந்தது. ஆகஸ்ட் கடைசி வாரம், சுத்தில்லோஸ். ஊதுகுழல்களும் பெரிய முரசுகளும் தெருவைக் கிழித்துக்கொண்டு போயின. பட்டப்பகலில் வீட்டுக்குள் தரையைத் தோண்டினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்றுதான் அவள் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சன்னலைப் போர்வையால் மூடியிருந்தாள். போர்வையின் ஓட்டைகள் வழியே வந்த வெயில், தரையில் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. அறை முழுக்கத் தோண்டிய மண்ணின் வாடை, சாராய நெடி, மெழுகுவர்த்திப் புகை.

கட்டிலில் அவள் புருஷன் பிளாசிதோ படுத்திருந்தான். முப்பது வருடம் சுரங்கத்தில் தூசியைத் தின்றவன். அவன் நுரையீரல் கல்லாகிவிட்டது என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். இந்த உயரத்தில் இன்னொரு குளிர்காலம் தாங்கமாட்டான், கீழே தாரிகா பக்கம் கூட்டிப் போ என்றார். காற்று கனமாக இருக்கிற ஊர், திராட்சை விளைகிற ஊர். சொல்லிவிட்டார். போவதற்கும், அங்கே ஒரு கூரைக்கும் வழி சொல்லவில்லை. இந்த ஊரின் பழைய மனைகளில், அந்தக் காலத்து ஆட்கள் சண்டைக்குப் பயந்து புதைத்த வெள்ளிக் காசு கிடைப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. போன மாதம் கதவடியில் தரையைச் செப்பனிட்டபோது அப்படி ஒன்று அவள் கையிலேயே வந்தது. சுத்தியலால் அடித்து, கத்தரியால் வெட்டிய, வட்டமே இல்லாத காசு.

திருவிழா தொடங்கியதுமே சந்தையில் எலெயுதேரியோவின் கடைக்குப் போனாள். அவர் கருவிகளை வாடகைக்கு விடுபவர்.

"மஞ்சள் மெஷின் மலிவு, தோன்யா தெல்ஃபினா. ஆனா நம்ம ஊரு மண்ணே பாதி உலோகம். இதை வெச்சா பசிச்ச புள்ள மாதிரி அழுதுக்கிட்டே கெடக்கும்."

"அந்தக் கறுப்பு?"

"அது கெட்டிக்காரன். மண்ணுக்கு ஏத்த மாதிரி திருகி வெச்சுக்கலாம். இந்தப் பொத்தானை அமுக்கினா இரும்பைக் கண்டுக்கவே கண்டுக்காது. ஆணி, லாடம், தகரம் எதுக்கும் மூச்சு விடாது. காசுக்கு மட்டும்தான் கூவும்."

"அதான் வேணும் எனக்கு. பழைய வீடு, எங்க பார்த்தாலும் ஆணி."

"அவசரப்படாதீங்க. மொதல்ல ஒரு தடவை இரும்பையும் கேக்க விட்டு வீடு பூரா நடங்க. கீழ என்ன கெடக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் பொத்தானை அமுக்குங்க."

"வீட்டுல ஒரு ஆம்பளை இருமுறதைக் கேக்கவே எனக்கு நேரம் பத்தல. ஆணி பேசுறதை வேற உக்காந்து கேக்கணுமா?"

எலெயுதேரியோ சிரித்துவிட்டார். அவள் தன் கல்யாணச் சால்வையை அடகாக வைத்துவிட்டு, கறுப்புக் கருவியைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். கடையிலேயே அந்தப் பொத்தானை அமுக்கியாயிற்று.

ஆகஸ்டில் பூமித்தாய் வாயைத் திறந்துகொண்டு பசியோடு இருப்பாள். அவளுக்கு ஊட்டாமல் யாரும் மண்ணைக் கிளற மாட்டார்கள். தெல்ஃபினாவும் கோகா இலை வைத்தாள், சாராயம் ஊற்றினாள், மன்னிப்புக் கேட்டாள். அதன்பின் கருவி காட்டிய இடங்களில் காசுகள் வந்தன. முதலாவது அடுப்படியில். இரண்டாவது அறை நடுவில். மூன்றாவது இன்னும் ஓரடி உள்ளே. ஒவ்வொன்றும் கட்டிலை நோக்கி ஒரு எட்டு. காசுகள் நிறைந்த பானை கட்டிலுக்கு அடியில்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மூன்றாவது குழியில் எலும்புகள் இருந்தன. சின்னச் சின்ன, மஞ்சள் பாரித்த எலும்புகள். அவள் பயப்படவில்லை. வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் பூமித்தாய்க்கென்று, சுமை தூக்கும் லாமா மிருகத்தின் காய்ந்த கருவைப் புதைக்காத குடும்பம் இந்த மலையில் உண்டா? அதுதான் என்று நினைத்தாள். தொட்டதற்குப் பரிகாரமாக இன்னும் கொஞ்சம் சாராயத்தை ஊற்றி மூடினாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தைரியம் கொடுத்தது. காசு வர வர, பிளாசிதோவின் இருமல் குறைந்தது.

"கிழவி," என்றான் அவன் கட்டிலிலிருந்து. "இன்னைக்கு மூச்சு நல்லா வருது."

தெல்ஃபினா காதுக்கருவியை ஒரு பக்கம் தள்ளினாள். "என்ன சொன்ன?"

"நல்லா வருதுன்னேன்."

குரல் தாழ்ந்து, கிணற்றடியிலிருந்து வருவதுபோல் வந்தது. அவள் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. கனமாகவும் இருந்தது. இரண்டு நாளாகச் சூப்பைத் தொடாதவன் எப்படி இவ்வளவு கனப்பான்?

"கொஞ்சம் தண்ணியாவது குடியேன்."

"வயிறு நெறைஞ்சிருக்கு."

அவள் மறுபடி குழிக்குப் போனாள். விரலால் துழாவி நான்காவது காசை எடுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது கதவைத் தட்டினார்கள். பாசிலியா. அவள் மகனுக்குத் தெல்ஃபினா ஞானத்தாய். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றே அழைப்பார்கள்.

"கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க, கொமாத்ரே? புதுப் பொண்ணு மாப்பிள்ளைன்னு நெனப்பா? வா, ஆட்டம் பார்க்கலாம்."

தெல்ஃபினா கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்தாள். "அவரை விட்டுட்டு எப்படி வர்றது? தரையைச் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தெரியாம வீட்டுக் கருவைத் தொட்டுட்டேன். அதுக்குப் பெரிய பூசை ஏதாவது செய்யணுமா?"

"எந்தக் கரு?"

"நம்ம ஊருல எத்தனை கரு? லாமாக் கரு. மாமனார் பொதைச்சது."

பாசிலியா பாதிச் சிரிப்பில் நின்றாள். "உன் மாமனாரா? அந்தக் கஞ்சன் பூமிக்கு ஒரு வாய்கூடக் குடுக்காமத்தான் இந்த வீட்டைக் கட்டினார். எங்க அப்பாதான் கொத்தனாரு. பயந்துபோய்ப் பாதியிலயே வேலையை விட்டுட்டு வந்துட்டாரு. இந்த வீடு அம்பது வருஷமாப் பட்டினி, கொமாத்ரே."

அவள் போன பிறகும் தெல்ஃபினா கதவைப் பிடித்தபடியே நின்றாள். சிறு பெண்ணாக இருந்தபோது லாமா மேய்த்தவள் அவள். லாமாவின் பாதத்தில் இரண்டு விரல்தான். அந்தக் குழியில் மெல்லிய எலும்புகள் வரிசையாகக் கிடந்தன. ஐந்து வரிசை. பார்க்கும்போதே எண்ணியிருந்தாள். எண்ணியதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

காதுக்கருவியை மாட்டினாள். இரும்பை மறைக்கும் பொத்தானை முதல்முறையாக விடுவித்தாள்.

உடனே உறுமியது.

கரகரத்த, தடித்த உறுமல். தட்டை ஒரு சாண் நகர்த்தினாள். மறுபடி. இன்னொரு சாண். மறுபடி. பழைய வீட்டு ஆணி அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும். இது நேர்கோடு. சாணுக்கு ஒன்று. கோடு கட்டிலுக்கு அடியில் போயிற்று. எதிர்ப்பக்கம் போனாள். அங்கேயும் ஒரு கோடு. சாணுக்கு ஒன்று. கால்மாட்டில் திரும்பியது. தலைமாட்டில் திரும்பியது.

ஆறடி நீளம். இரண்டடி அகலம். ஒரு சவப்பெட்டியின் அளவு.

கட்டில் அதன் நட்டநடுவில் நின்றது. அதன் கால்கள் கணுக்கால் ஆழத்துக்குத் தரைக்குள் இறங்கியிருந்தன. காலையில் இப்படி இல்லை. காலையில் இப்படி இல்லவே இல்லை. கட்டிலை இழுத்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மரம்தான் முனகியது.

"பிளாசிதோ, எழுந்திரு. வெளிய போயிடலாம். இப்பவே போயிடலாம்."

கட்டிலின் மறுபக்கம் ஓடினாள்.

அவனைத் தூக்கக் குனிந்தபோது, கையில் தொங்கிய தட்டு அவன் மேல் போயிற்று.

உறுமியது.

மரமும் தோல்வாரும் சேர்த்துக் கட்டிய கட்டில் அது. ஓர் ஆணிகூடக் கிடையாது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தட்டை நகர்த்தினாள். தோள். உறுமல். முழங்கை. உறுமல். இடுப்பு. உறுமல். சாணுக்கு ஒன்று. அந்தப் பக்கமும் அப்படியே.

நெஞ்சுக்கு மேல் கொண்டு போனாள்.

மெல்லிய குரல். பிசிறில்லாத குரல். எண்பத்து நாலு.

காதுக்கருவியைப் பிய்த்து எறிந்தாள். தெருவில் ஊதுகுழல்கள் தேய்ந்துகொண்டிருந்தன. அறைக்குள் சத்தமே இல்லை. நாலு வருடமாக இரவெல்லாம் விழித்து அவள் எண்ணிக்கொண்டு கிடந்த அந்த இழுப்பு இல்லை. அது நின்றுவிடக் கூடாதே என்றுதானே இத்தனையும் செய்தாள்.

ஆனால் அவன் நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது. இருபது வயதுக்காரனின் நெஞ்சுபோல் ஆழமாக, நிதானமாக.

"பிளாசிதோ..."

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்து, பதில் சொல்ல வாயையும் திறந்தான். உள்ளே நாக்கு தெரியவில்லை. சிவப்பு மண். பல் விளிம்புவரை இறுக்கி, ஈரக் கையால் மெழுகிவிட்ட மண். மூக்குத் துளைகளிலும் மண்.

அவன் கை மெல்ல வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அன்பாகத்தான் பிடித்தது. அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டது. தன் மூச்சை அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டதுபோல. ஏறியது. இறங்கியது. தெல்ஃபினாவால் கையை உருவ முடியவில்லை.

அவள் மண்டியிட்ட இடத்தில், முழங்கால்களுக்கு அடியில், தரையும் அதே நிதானத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.