காக்காய் தொடாத வடாம்

"ஐயோ... கொலை!"

1909. சித்திரை வெயில் அந்தக் காளிகாட் சந்துக்குள் இன்னும் நுழையவில்லை. ராஜாராமனின் அலறல் நுழைந்துவிட்டது!

பின்கட்டில் காவலுக்கு இருந்த தர்வான் ராம்பரோஸ் மல்லாந்து கிடந்தான். முகமெல்லாம் வெள்ளைக் குழம்பு. மீசை மேல் இரண்டு காக்காய்கள்!

அடுத்த வீட்டு மஹாதேவன் ஓடி வந்தார். கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் ஆபீசர். குனிந்து பார்த்தார்.

"ஓய்... பொணம் மூச்சு விடறது!"

"பானீ..." என்று தண்ணீர் கேட்டது பிணம்.

"பின்னாலேர்ந்து அடிச்சிருக்கான் ஓய்! அடிச்சுட்டு, இவன் மூஞ்சியெல்லாம் சிந்தச் சிந்தப் பானையைத் தூக்கிண்டு போயிட்டான்!" ராஜாராமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பானைல என்ன? தங்கமா?"

"மூங்கில்!"

"மூங்கிலா?"

"கணுவைத் தள்ளி, நசுக்கி, காஸ்டிக் சோடால வேகவெச்சு, வெளுத்து எடுத்த கூழ். மூணு மாசம் உசிரை விட்டிருக்கேன்! நார் ஒவ்வொண்ணும் மெல்லிசு... ஆனா நீளம். காயறச்சே ஒண்ணையொண்ணு கெட்டியா பிடிச்சுண்டுடும். பதினோரு மணிக்குக் காகித மில் சாஹிப் முன்னால ஷீட் போட்டுக் காட்டணும். காட்டலேன்னா மூங்கில் டிபார்ட்மென்டுக்கே பூட்டு! என்னை மெட்ராஸ் மெயில்ல ஏத்திடுவார்!"

"அதை ஏன்யா ஆத்துல வெச்சீர்?"

"லாபரட்டரில எலி ஜாஸ்தி. ரெண்டு கால் எலியும் உண்டு!"

வாசலில் ஒரு சத்தம்.

"ஹச்!"

சீதாராமன். அதே லாபரட்டரியில் ராஜாராமனின் அசிஸ்டென்ட். அடுத்த தெருவில் ஜாகை.

"அடடா... பானை போயிடுத்தா ஸார்? ஹச்! மூணு நாளா ஜலதோஷம், ஒரு வாசனை தெரியல. நீங்க படுத்துக்கோங்கோ. சாஹிப்கிட்ட நான் பேசிக்கறேன்."

வந்த வேகத்திலேயே போனான்!

மஹாதேவன் தர்வானின் மீசையை விரலால் வழித்தார். நாக்கில் வைத்தார். துறைமுகத்தில் வந்து இறங்கும் எதையும் நக்கிப் பார்த்து வரி போட்ட நாக்கு அது!

"உப்பு... பச்சை மொளகா... பெருங்காயம்! ஓய், உம்ம மூங்கில்ல பெருங்காயம் காய்க்கறதா?"

மாடிப்படியில் ஜகதாம்பாள் இறங்கி வந்தாள். ராஜாராமனின் மனைவி. ஈர மடிப்புடவை.

"ஏன்னா, என்ன கூச்சல்? கார்த்தாலேர்ந்து வடாம் இட்டுண்டிருக்கேன். கிட்ட வந்து மேலே பட்டுடாதீங்கோ!"

மஹாதேவன் அண்ணாந்து பார்த்தார். மொட்டை மாடி... அமைதி!

"மன்னி, மேலே காக்காய் ஓட்ட யார் இருக்கா?"

"யாரும் இல்லை. இன்னிக்கு என்னமோ ஒண்ணுகூட வரலை."

"மீசைல ரெண்டு காக்காய்! மாடி பூரா வடாம்... அங்கே ஒண்ணுகூட இல்லையா? காளிகாட் காக்காய்க்கு அவ்வளவு வைராக்கியமா?"

பாய்ந்து ஏறினார்கள்.

விரித்த வேஷ்டி மேல் வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய வட்டங்கள். ஓரத்தில் ஒன்று காய்ந்து எழும்பியிருந்தது. ராஜாராமன் இழுத்தார். கிழியவில்லை! முறுக்கினார். ஊஹூம்!

"ஜகதா... எந்தப் பானை?"

"இருட்டுல கைக்கு அகப்பட்டதை எடுத்தேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதானே இருந்துது? தண்ணி விட்டுண்டே இருந்துது சனியன். அதான் வேஷ்டில மெல்லிசா பரப்பிட்டேன்."

"உப்பு பாக்கலியா?"

"மடியா இடற வடாம்! வாயில வெச்சு எச்சில் பண்ணுவாளா யாராவது?"

ராஜாராமன் அங்கேயே ஒரு குதி குதித்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது அவருக்கு!

"மூச்சு விடாதீர்," என்றார் மஹாதேவன். "உம்மாத்து வடாம் மாவு எவன்கிட்ட இருக்கோ, அவன்தான் திருடன். பதினோரு மணிக்குத் தானா வருவான்!"

மணி பதினொன்று.

சாஹிப்பின் மேஜையருகே சீதாராமன். பக்கத்தில் பானை!

"என் சொந்தக் கண்டுபிடிப்பு ஸார்... ஹச்!"

கம்பி வலையில் ஊற்றினான். சூடான இரும்பு உருளையை அதன் மேல் உருட்டினான்.

ஸ்ஸ்ஸ்ஸ்!

காகிதம் பொரிந்தது! அறையெல்லாம் பெருங்காயம். சீதாராமனின் மூக்குக்கு மட்டும் தகவல் இல்லை.

சாஹிப் ஒரு துண்டை முகர்ந்தார். கடித்தார். முகம் தக்காளி ஆயிற்று.

"தண்ணீர்!"

"அது பச்சை மிளகாய் ஸார்," என்றபடி ராஜாராமன் உள்ளே வந்தார். "நேற்று என் மனைவி அரைத்தது. இன்று காலை என் வீட்டிலிருந்து களவு போனது. மூங்கில் காகிதம் இதோ!"

சாஹிப் மடித்தார். கசக்கினார். ஒரு பட்டையைக் கிழிக்கப் பார்த்துத் தோற்றார். கடைசியில் அதில் பித்தளை எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்.

நின்றது!

சீதாராமன் நைசாகக் கதவைத் திறந்தான். வெளியே மஹாதேவன். அவர் பக்கத்தில் தலைக்கட்டோடு ராம்பரோஸ், மீசையை முறுக்கியபடி!

சாயங்காலம். ராஜாராமன் வீட்டுக்குள் பறந்து வந்தார்.

"ஜகதா! டிபார்ட்மென்ட் பொழைச்சுடுத்து! நான்தான் இனிமே சீஃப்! சாஹிப் நூறு ஷீட் கேக்கறார். கண்ல ஜலம் வழிய வழிய உன் வடாத்தையும் ஒரு கூடை கேக்கறார்!"

"வடாம் தரேன். நூறு ஷீட்டுக்கு வேஷ்டிக்கு எங்கே போறது? உங்க கல்யாண வேஷ்டி ஒண்ணுதான் அகலமா இருந்துது. அதுலயும் இப்போ கரையெல்லாம் வெளுத்து..."

"எந்த வேஷ்டி?!"

அவள் விரித்துக் காட்டினாள்.

"ஐயோ... கொலை!"

தர்வான் ராம்பரோஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் கொலை என்றால் யாரும் சாகமாட்டார்கள் என்பது அவன் அடிபட்டுத் தெரிந்துகொண்டது!